மூன்று மாடிக்கும் ஒரு கடப்பு

1. சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு

கல்முனைப் பஸாரின் பழைய தெருவில், எங்களிடம் வேலை கொடுத்திருந்த ஜெஸீமாவின் காணி மதிலில் நாங்கள் தொடர்மாடியின் படத்தைக் கட்டித் தொங்கவிட்டது ஒரு சனிக்கிழமை. பின்னேர அஸர் தொழுகை முடிந்து சனம் பள்ளியிலிருந்து இறங்கும் நேரம். கொரோனா முடிந்து, சீமெந்து விலை ஏறி ஓரளவு இறங்கியிருந்த காலம். நான் அப்போது ஒரு தனியார் பொறியியல் அலுவலகத்தில் மூத்த படவரைஞர். திகதி எழுதாத தாள் என் மேசையில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் இங்கே திகதிகளை விட்டுவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்பதையே எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதுதான் கூடப் பயன்படும்.

அந்தத் தெருவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஓட்டுக் கூரையும் பலகைக் கதவும் வைத்த கடைகள் முன்னுக்கு. கடைக்காரர்களின் வீடுகள் பின்னுக்கு. கடைகளின் முன் விறாந்தைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும். மாரி மழைக்கும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நனையாமல் நடக்கலாம். அப்படிப்பட்ட தெருவின் நடுவில், கீழே கடைகளும் மேலே மூன்று மாடி வீடுகளும் கொண்ட ஒரு கட்டடம். சாம்பலும் வெள்ளையுமாக நிறம் தீட்டி, கண்ணாடிக் கைப்பிடி வைத்த பெல்கனிகளோடு நான்தான் அதை வரைந்திருந்தேன். அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது.

சனம் கூடியது. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் பிளேன்டி ஊற்றி முடியாமல் தவித்தார்.

"இது வீடா, புறாக்கூடா?"

"புறாவுக்கு சிறகு இரிக்கி. கரண்ட் போற நாளையில நீ என்னத்தால மேல போற?"

"நெறத்தப் பாருங்களன். ஆஸ்பத்திரி எண்டு நெனச்சு ஓட்டோக்காரன் நோயாளிய இறக்கிட்டுப் போகப்போறான்."

சுனாமிக்குப் பிறகு கட்டிய மாடிகளைத் தவிர எங்கள் ஊராருக்கு வேறு தொடர்மாடி பழக்கமில்லை. "எங்கட சாச்சி அப்பிடி ஒண்டுலதான் இருந்தவ. மேல்வீட்டுத் தண்ணி கீழ்வீட்டுச் சோத்துக்குள்ள" என்றார் ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தத் தெருவில நான் கொட விரிச்சு நடந்ததேயில்ல. நீங்க வாகனம் நிப்பாட்டக் கட்டடத்தப் பின்னுக்குத் தள்ளியிரிக்கீங்க. அந்த எடத்தில மட்டும் நாங்க நனையிறதா?"

என் மேலதிகாரி நவாஸ் சேர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் கரையைச் சேர்ந்தவர்தான். படித்ததும் பல காலம் வேலை செய்ததும் கொழும்பில். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மூணாம் மாடியில ஒரு ஆள் மௌத்தாப் போனா மையத்தத் தூக்குற சந்தூக்குப் பெட்டிய எப்பிடி இறக்குற?"

"லிப்ட் இரிக்கே" என்றார் சேர்.

"ஓம், லிப்ட்ல நட்டமா நிப்பாட்டித்தான் கொண்டுவரணும். மையத்து எல்லாருக்கும் சலாம் சொல்லிட்டு எறங்கும்!"

தெருவே சிரித்தது. சேரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பேசியவர் முஸ்தபா ஹாஜியார். ஜெஸீமாவின் அடுத்த காணிக்காரர். முன்னால் இரும்புச் சாமான் கடை, பின்னால் வீடு. அவர் சத்தம் போடவில்லை.

"ஒங்கட பெல்கனியில நிண்டா எண்ட கிணத்தடி தெரியும். எண்ட வீட்டுப் பொண்டுகள் அங்கதான் உடுப்புக் கழுவுற, தலை முழுகுற. இதுக்கு என்ன பதில் வெச்சிரிக்கீங்க, இஞ்சினியர்?"

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள், அனுமதி கொடுக்க வேண்டாம் என்று ஹாஜியார் எழுதிய மனுவில் தெருவில் பாதிப் பேர் ஒப்பமிட்டிருந்தார்கள்.

2. மூன்று மகள், ஒரு காணி

ஜெஸீமாவை ஊரில் எல்லாரும் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் மௌத்தான பிறகு தையல் கடை போட்டு மூன்று பெண் பிள்ளைகளை வளர்த்தவர். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தாய் தகப்பன் பின்னுக்கு ஒதுங்குவார்கள். மூத்தவள் ரிஸ்னாவுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டு பிள்ளைகளோடு ஜெஸீமா பின்வளவில் தகரக் கொட்டிலில் இருந்தார். இரண்டாமவள் ஷிபானாவுக்குப் பேசி வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசி அஸ்மா படித்துக்கொண்டிருந்தாள்.

காணியை மூன்றாகப் பிரித்தால் ஒன்றிலும் வீடு நிற்காது. அதனால்தான் தொடர்மாடி. மாடிக்கு இரண்டு வீடு. மூன்று வீடு பிள்ளைகளுக்கு, மூன்றை விற்றுக் கட்டுச் செலவு. இருக்கும் வீட்டை இடிக்க ரிஸ்னாவும் அவள் மாப்பிள்ளையும் சம்மதித்திருந்தார்கள்.

மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஜெஸீமா அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"சேர், இது சரிவராட்டி பின்வளவ வித்துத்தான் ரெண்டு பேருக்கும் வீடு எடுக்கணும். இஞ்ச எடுக்க ஏலாது, வயல் பக்கம்தான் போகணும். ரிஸ்னா ஒரு ஊர், ஷிபானா ஒரு ஊர், அஸ்மா ஒரு ஊர். நான் யாருக்கிட்டப் போய் இரிக்கிற?"

"கண்ணாடிய மறைப்புக் கண்ணாடியா மாத்துறன் ராத்தா. ஹாஜியார் அடங்கிருவார்" என்றார் சேர். ஜெஸீமா போன பின், வயதில் மூத்த என்னை வழக்கம்போல அண்ணன் முறையில் அழைத்து, "காக்கா, இவங்க எதக் கட்டினாலும் எதிர்ப்பாங்க. நிறத்தையும் மாத்திக் குடுங்க" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

3. அளக்கப் போன இடத்தில்

மறைப்புக் கண்ணாடி போட்டால் கிணற்றடி எவ்வளவு தெரியும் என்று காட்ட எனக்கு எல்லை மதிலின் உயரம் தேவைப்பட்டது. ஒரு திங்கள் காலை, அளவு நாடாவோடு ஜெஸீமாவின் பின்வளவுக்குப் போனேன். மதிலின் கடைசி மூலையில், ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பாமல் போகும் அகலத்துக்குச் சுவர் விடுபட்டிருந்தது. கதவில்லை. கீழே ஒரு தேய்ந்த கல். இதற்குத்தான் எங்கள் பக்கத்தில் கடப்பு என்று பெயர். பெண்கள் தெருவுக்கு இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வரும் வழி. எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. நில அளவைப் படத்தில் அது வராது. படத்தில் எல்லைக் கோடு நேராக ஓடும். நாங்களும் அந்தக் கோட்டின்மேல் ஒரே மதிலாகத்தான் போட்டிருந்தோம்.

நான் அங்கே நிற்கும்போதே கடப்பால் ஹாஜியாரின் மனைவி ஸீனத் வந்தார். கையில் மூடிய கிண்ணம். என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கமாகவே நின்றார்.

"நீங்கதானே பிளான் கீறின ஆள்?"

"ஓம், மாமி."

"இத அடைக்கப்போறீங்களாமே."

நான் பதில் சொல்வதற்குள் ஜெஸீமா கொட்டிலிலிருந்து வெளியே வந்துவிட்டார். ஸீனத் அவரிடமே திரும்பினார்.

"எனக்கு உடம்பு சரியில்லாத நாளெல்லாம் நீ இதாலதானே கஞ்சி கொண்டந்த? இனி ஒண்ட வீட்டுக்கு வாறதெண்டா நான் பஸார் ரோட்டால, இத்தின கடைக்கும் முன்னால சுத்தி வரணுமா?"

"அதுக்கா ராத்தா ஹாஜியார் மனு எழுதினவரு?" என்று ஜெஸீமா கேட்டார்.

"அவர் கிணத்தடிக்கு எழுதினவரு. அதுவும் உண்மதான். ஆனா வீட்டில நான் ஏசினது இதுக்கு."

"மனு ஜெயிச்சா நான் இந்த வளவ விக்கத்தான் போறன். வாங்குறவன் மதில் கட்டாம உடுவானா? அப்பயும் இது அடபடத்தான் போகுது."

ஸீனத் குனிந்து கிண்ணத்தை அந்தக் கல்லின்மேல் வைத்தார். பிறகு ஸீனத் என்னிடம், மேல் மாடிப் படத்தைக் காட்டச் சொன்னார். பைக்குள் இருந்ததை விரித்து, முன்கதவு, மண்டபம், குசினி என்று விரலால் காட்டினேன்.

"மறு கதவு எங்க?"

"ஒரு கதவுதான், மாமி."

"அப்ப மாப்பிள்ள வீட்டு ஆம்பிளயள் வந்து மண்டபத்தில இரிந்தா, உள்ளுக்கு இரிக்கிற புள்ள எதால வெளிய போற? மேல் வீட்டு ராத்தாக்கிட்ட ஒரு சருவச்சட்டி வாங்குறதெண்டாலும் அந்த ஆக்களுக்கு நடுவாலயா போகணும்?"

ஜெஸீமா படத்தைத் தன் பக்கம் திருப்பினார். எத்தனையோ முறை பார்த்து ஒப்பமிட்ட படம்தான். அன்று ஒவ்வொரு வீடாக விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒரே கட்டடத்தில இரிந்தும் எண்ட புள்ளயள் மூணு ஊரிலதான் இரிக்கப் போறாளுகள்" என்றார்.

4. திருத்திய படம்

அலுவலகத்துக்கு வந்து சேரிடம் அப்படியே சொன்னேன். அவர், "எங்கட உம்மா வீட்டிலயும் ஒண்டு இரிக்கி காக்கா. சின்னதில அதாலதான் நான் பள்ளிக்கூடம் கட் அடிச்சிட்டு ஓடுற" என்று சொல்லிவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். தன் படத்தின்மேல் அவருக்குப் பாசம் இருந்ததில்லை. எத்தனையோ பேரிடம் வேலை செய்திருக்கிறேன். அந்தக் குணத்தை அதிகம் கண்டதில்லை.

ஒவ்வொரு மாடியிலும் குசினிகளுக்குப் பின்னால் ஒரு நடைபாதை. குசினிக்கொரு கதவு. நடைபாதைகளை இணைத்து, பின்வளவுக்கு இறங்கும் ஒரு பின்படி. வெளிப்பக்கம் முழுவதும் ஓட்டைக் கல் வைத்த சுவர்: காற்று வரும், உள்ளே நிற்கிறவருக்குக் கிணற்றடி தெரியாது. முன்னும் பின்னுமாகப் பார்க்கும் பெல்கனிகளைத் தெருப் பக்கமாக மட்டும் வைத்தோம். சந்தூக்கு திரும்புகிற அளவுக்கு முன்படியின் தளங்களை அகலமாக்கினோம். பள்ளிக்குப் போய்ச் சந்தூக்கை நானே அளந்து வந்தேன். கட்டடத்தின் கீழ்த்தளத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, பக்கத்துக் கடைகளின் விறாந்தையோடு சேர்த்தோம். வாகனம் பின்னுக்குப் போனது.

வீடுகள் கொஞ்சம் சிறுத்தன. கட்டுகிறவர் முணுமுணுத்தார். அனுமதி தருகிற இடத்தில் தீ விபத்துக்கு இரண்டாவது வெளிவழி எங்கே என்று முன்பே கேட்டிருந்தார்கள். பின்படி அதற்கும் பதிலாக இருந்ததால் அவர் அடங்கினார்.

புதிய படத்தையும் அதே மதிலில், அதே நேரத்தில் தொங்கவிட்டோம். இம்முறை பெண்களுக்காகக் காலையிலேயே ஜெஸீமாவின் வளவுக்குள் ஒரு பிரதி வைத்திருந்தோம். அதனால் அஸருக்குப் பிறகு வந்த ஆண்களில் பலர் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். நிறத்துக்கு மட்டும் சண்டை நடந்தது. பச்சை என்றார்கள், மஞ்சள் என்றார்கள். கடைசியில் பழைய கடைகளின் சுண்ணாம்பு வெள்ளைக்கே வந்து நின்றது. ஆசிரியர் விறாந்தையைப் பார்த்துவிட்டு, "கொட வாங்கத் தேவல்ல" என்று போய்விட்டார்.

ஹாஜியார் எல்லாருக்கும் பிறகு வந்தார். படத்தின் மூலையில் நெடுநேரம் விரலை வைத்திருந்தார்.

"இதில என்ன, கோடு விட்டுப்போயிரிக்கி?"

"அது கடப்பு, ஹாஜியார். விட்டுத்தான் கீறியிரிக்கி. கதவு ஒண்டு வேணுமெண்டா போடலாம்."

அவர் யோசித்தார். "கதவு வெச்சா ஒருநாளைக்குப் பூட்டச் சொல்லும். வேணாம்." பிறகு என் காதருகே குனிந்தார். "மனுவ நாளைக்கு நானே போய் வாபஸ் வாங்குறன். எண்ட ஊட்டில இன்னம் கறிக்கு உப்பு விழல்ல, தம்பி."

5. இப்போது

ஷிபானாவின் நிக்காஹ் குறித்த பெருநாளைத் தாண்டித்தான் நடந்தது. மேல்மாடி பூசி முடியவில்லை. படத்தைக் கண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். கலியாணத்தன்று முன் மண்டபங்கள் ஆண்களால் நிறைந்திருந்தன. ஓட்டைக் கல் சுவருக்குப் பின்னால் தட்டுகள் மாடிக்கு மாடி ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் ஓய்வுபெற்ற பிறகும் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போவதுண்டு. முன்படியின் மாபிள் இன்னும் புதிதாகவே மினுங்குகிறது. பின்படியின் ஓரங்கள் தேயத் தொடங்கிவிட்டன.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். படத்தைத் தெருவில் தொங்கவிடுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எதிர்க்கிறவர் வந்தால், அவர் வீட்டில் வேறு யார் பேசுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். புறாக்கூடு என்றவருக்கும், சந்தூக்கைக் கேட்டவருக்கும், மனு எழுதிய ஹாஜியாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று அவர்கள் தலையாட்டிவிட்டுப் போயிருந்தால், ஜெஸீமாவின் பிள்ளைகளை நாங்கள் மூன்று பெட்டிக்குள் வைத்து மூடியிருப்போம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போயிருந்தேன். ஜெஸீமா கடைசி மகளோடு முதலாம் மாடியில் இருக்கிறார். எனக்குத் தேநீர் வைத்துவிட்டு, பின் நடைபாதைக்குப் போய், "புள்ள, சாப்பாடு ஆச்சி!" என்று கூப்பிட்டார். எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. குசினிக்குள்ளிருந்து அஸ்மா, மேலேயிருந்து ஷிபானா, அதற்கும் மேலேயிருந்து ரிஸ்னா, மூன்று பேரும் "ஓம் உம்மா" என்றார்கள். மதிலுக்கு அப்பாலிருந்து நான்காவதாக ஒரு குரல் வந்தது.

"நானும் வாறன் ஜெஸீமா. மீன் பொரிச்சிரிக்கன், கொண்டாறன்."