வயிற்றில் இல்லாத பிள்ளைக்கு மாத்திரை

என் மருமகள் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை என் மகள் எடுத்துவிட்டாள். காரியாபட்டியில் வாக்கப்பட்டவள், பொங்கலுக்கு வந்திருந்தாள்.

"பாத்தியாம்மா? தம்பி துபாய்ல கெடக்கான். இவளுக்கு மாத்திரை எதுக்கு?"

எங்கள் பக்கம் உண்டாகாத பொம்பளை மாத்திரை போட்டால் அது பிள்ளை வேண்டாமென்கிற மாத்திரைதான். புருஷன் ஊரில் இல்லையென்றால் அதைவிடக் கெட்ட அர்த்தம்.

மருமகள் அடுப்படிச் சுவரோடு ஒட்டி நின்றாள். "பிள்ளை முதுகுக்கு அத்தை. அவுக லீவுல வாரதுக்கு முன்னாடியே போடணும்னு திருச்சுழி ஆஸ்பத்திரில சொல்லிருக்காக."

"எந்தப் பிள்ளைக்குடி? வயித்துலயே இல்லாத பிள்ளைக்கா?" மகள் சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். "இப்பவே அவனுக்குப் போன் போடுறேன்."

போட்டால் அந்தக் குடும்பம் அத்தோடு சரி. என் மகன் முன்கோபி. போன வருசம் பிறந்த பிள்ளை முதுகு மூடாமல் பிறந்து அன்றைக்கே போய்விட்டது. அதிலிருந்தே அவன் அவளிடம் சரியாகப் பேசுவதில்லை.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிப்பேன். அட்டையிலோ இங்கிலீஷு. யாரிடமும் நீட்டிப் படிக்கச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மகளின் போனைப் பிடுங்கி இடுப்பில் சொருகினேன். அட்டையை முந்தானையில் முடிந்தேன்.

"கெளம்புடி திருச்சுழிக்கு. குடுத்தவுக வாயால கேப்போம்."

மருமகளை வீட்டில் விட்டுவிட்டு நானும் மகளும் பஸ் ஏறினோம். மருமகள் சொன்னது பொய்யாக இருந்தால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "போலிக் ஆசிட்டும்மா, சத்து மாத்திரை. நாள் தள்ளிப்போனது தெரியுறதுக்கு முன்னாடியே பிள்ளைக்கு முதுகு மூட ஆரம்பிச்சிரும். அதான் உண்டாகுறதுக்கு முன்னயே போடணும். முந்தின பிள்ளைக்கு முதுகு மூடலைன்னா, டாக்டரு கூடுதலாவே எழுதுவாக. நிப்பாட்டிறாதீக."

"அப்ப இது பிள்ளை நிக்கவிடாத மாத்திரை இல்லையா?" என்றாள் மகள்.

"நல்லாருக்கே! பிள்ளை நல்லா நிக்கட்டும்னுதான் குடுக்குறோம்."

திரும்பி வந்தபோது மருமகள் பையைக் கட்டி வாசலில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை."

"போ. இன்னைக்கு மாத்திரையப் போட்டுட்டுப் போ." முந்தானையை அவிழ்த்து அட்டையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

மன்னிப்பு என்கிற வார்த்தை என் மகள் வாயில் வரவில்லை. எங்கள் வம்சத்தில் வராது. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். "இந்தா. அரிசிக்குள்ள வைக்காத, வண்டு அரிச்சிரும். சாமி படத்துக்கிட்ட வையி. நாலு பேரு பாக்கட்டும்."

மருமகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு அட்டையையும் செம்பையும் வாங்கினாள்.

அவள் விழுங்கி முடிக்கும் முன்னே பையை நான் உள்ளே தூக்கிப் போய்விட்டேன்.