கதாநாயகனுக்குப் பின்னால் நிற்பவர்கள்: ருவான்வெல்லையில் ஒரு மழை நாள்

போன வருடம் சென்னையில் ஒரு வாரம் சுற்றிவிட்டு, சீரியல்களிலும் படங்களிலும் அடிக்கடி வரும் இடங்களைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். எந்த பஸ்ஸில் ஏறுவது, எத்தனை மணிக்குப் போனால் படப்பிடிப்பு நடக்கும் என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. இந்தத் தளத்தில் அதிகம் பேர் படித்தது அதைத்தான். அதில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. முன்னால் ஒரு சீரியலின் கதாநாயகன் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். பின்னால், சுண்டல் வண்டிக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டியபடி ஓர் ஆள் நிற்பார்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். அவளைக் கலா என்று சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், தோட்டத்தின் பெயரையும் தரப்போவதில்லை. "அக்கா, சுண்டல் வண்டிகிட்ட நிக்கிறவரோட மொகம் தெரியிற மாதிரி வேற படம் இருக்கா? எங்க அண்ணன் மாதிரி இருக்கு."

அந்த இடத்தில் நான் பதினொரு படங்கள் எடுத்திருந்தேன். எட்டாவதில் அந்த ஆள் திரும்பியிருந்தார். அனுப்பட்டுமா என்று கேட்டேன். "தனியா பாக்க பயமா இருக்கு. நீங்க வர முடியுமா?" என்றாள். அவளுடைய அண்ணனின் படத்தை அனுப்பச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஸ் ஏறுவதற்கு முன்பே எனக்கு விடை தெரிந்திருக்கும்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. கொழும்பு புறக்கோட்டையில் காலை 6.10க்கு அவிசாவளை பஸ். ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர், 260 ரூபாய். ஹன்வெல்லைக்கு அப்பால் மழை பிடித்துக்கொண்டது. 8.05க்கு அவிசாவளையில் இறங்கி, ருவான்வெல்லைக்கு வேறு பஸ், 90 ரூபாய். கடைத்தெருவில் இறங்கும்போது மணி 8.50. தோட்டம் அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர். ஆட்டோவுக்கு 700 ரூபாய் சொன்னார்கள். மேலே ஏறும் பாதையைப் பார்த்த பிறகு அது அதிகம் என்று தோன்றவில்லை.

ஆட்டோ ஓட்டியவர் மாவனல்லைக்காரர், என் தகப்பனார் வயதிருக்கும். "பால்வெட்டு இல்லாத நாளாப் பாத்துப் போறீங்க மகள். எல்லாரும் ஊட்லதான் ஈப்பாங்க, டிவி பாத்துக்கிட்டு."

"நானும் அதுக்குத்தான் போறேன்."

"ஏன், கொழும்புல கரண்ட் இல்லையா?" என்று சிரித்தார். பிறகு வழியெல்லாம் பள்ளங்களை மட்டும் திட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். நடுப்பகலிலும் அங்கே விளக்கு வைக்கலாம், அவ்வளவு இருட்டு. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. ஒவ்வொரு மரத்திலும் கட்டியிருந்த சிரட்டைகளில் மழைத்தண்ணீர்தான் நிரம்பியிருந்தது.

கலா பாதைமுனையில் குடையோடு நின்றாள். வயது இருபத்துநான்கு, கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஏறும் பத்து நிமிடத்தில் முழுவதையும் சொன்னாள். அண்ணன் தினேஷ் ஆறு வருடத்துக்கு முன் சுற்றுலா விசாவில் சென்னைக்குப் போனவன். சீரியல்களில் கூட்டத்தோடு நிற்கும் வேலை கிடைத்தது. மூன்று வருடம் போனில் பேசினான். பிறகு மூன்று வருடமாக ஒன்றுமில்லை. விசா முடிந்து தங்கியவன் என்பதால் யாரிடமும் முறையிடப் பயம். "தேடச் சொன்னா, கண்டுபுடிச்சு உள்ள வச்சுருவாங்களோன்னு."

போன வருடம் கூரையில் டிஷ் பூட்டினார்கள். அம்மா அவனை டிவியில் கண்டுபிடித்துவிட்டார். மூன்று தடவை.

"அதெல்லாம் பழசுக்கா," என்றாள் கலா. "மறுபடி போடுற நாடகம். போன்ல தேடிப் பாத்துட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. இப்பதான் எடுக்குறாங்கன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க. சொல்லிறாதீங்க. உங்க படம் ஒண்ணுதான் போன வருசத்துது."

அதாவது, அந்த ஆள் தினேஷாக இருந்தால், அவன் போன வருடம் உயிரோடு சுண்டல் தின்றுகொண்டிருந்தான். இல்லையென்றால் மூன்று வருடத்து மௌனம் மட்டும்தான் மிச்சம்.

ஆறு வீடுகள் ஒட்டிய லயத்தில் கடைசி வீடு. கலாவின் அம்மா டிவிக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். "வாங்க வாங்க, நனைஞ்சிட்டீங்களே. இந்தப் பக்கமா உக்காருங்க, மறைக்காம." எழுந்து என்னிடம் துவாயைக் கொடுத்தவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பத்து மணி நாடகம். கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்க்கவே இல்லை.

"தள்ளு புள்ள," என்றார் திரையிடம். "அந்தாண்ட போயி அழு. பின்னாடி யாரோ போறாங்க."

அந்த வீட்டில் நாடகத்தை அப்படித்தான் பார்க்கிறார்கள். கதை தெரியாது. யார் யாருக்கு மாமியார் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சென்னை தெரியும். "இந்த நீலக் கேட்டு ஊட்டப் பாருங்க," என்றார் அம்மா. "இதுல பணக்காரன் ஊடு. ராத்திரி நாடகத்துல இதே ஊடுதான் ஆசுபத்திரி. அங்க செத்தவ இங்க வந்து டீ குடிக்கிறா." கலாவும் நானும் சிரித்தோம். நான் ஒரு வாரம் அலைந்து எழுதிய கட்டுரையில் அந்த நீலக் கேட் இல்லை.

விளம்பரம் வந்ததும் மகனைப் பற்றிச் சொன்னார். முதலில் போன தீபாவளிக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தாராம். "எலும்பும் தோலுமா இருந்தான். அன்னைக்குச் சோறு எறங்கல." அடுத்தது ஒரு கல்யாணப் பந்தியில். "கொஞ்சம் தேறியிருந்தான்." இந்த மாதம் பஸ் நிற்கும் இடத்தில். "கன்னமெல்லாம் வந்துருச்சு. இங்கருந்து போனப்ப எப்பிடி இருந்தானோ அப்பிடியே ஆயிட்டான்."

கலா எழுந்து தேநீர் ஊற்றப் போனாள். சனல்காரர்கள் புதிய நாடகத்தை முதலிலும் பழையதைப் பிறகும் மறு ஒளிபரப்புச் செய்கிறார்கள். வேறொன்றுமில்லை. அந்தத் தலைகீழ் வரிசையில் இந்தத் தாய்க்கு மகன் மெல்ல மெல்லக் குணமாகிக்கொண்டிருந்தான்.

மடிக்கணினியைத் திறந்தேன். கலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஏழு படத்திலும் முதுகு. ஒரு காலில் சாய்ந்து நிற்கும் விதம் அண்ணனுடையதேதான் என்று முணுமுணுத்தாள். எட்டாவது படம் வந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். தாடி, முன்வழுக்கை. கலாவின் கை தோளிலிருந்து விலகியது.

அம்மா எட்டிப் பார்த்தார். "யாரோ வயசான ஆளு. தினேசு இல்ல." குரலில் ஏமாற்றமே இல்லை. "அவந்தான் டிவியில வர்றானே." பிறகு என் பக்கம் திரும்பி, மிகச் சாதாரணமாகக் கேட்டார். "நீங்க மெட்ராசுல எடுக்குறதப் பாத்தவங்க. இந்த நாடகமெல்லாம் இப்ப எடுக்குறதுதானே?"

அம்மாவுக்குப் பின்னால் நின்ற கலா என்னையே பார்த்தாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அது எனக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

"தெரியலம்மா," என்றேன்.

அம்மா சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தார், திரையில் பின்னால் போகிறவர்களைப் பார்ப்பதுபோல. பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க," என்றார்.

இறங்கும் வழியில் பாதித் தூரம் கலா எனக்கு முன்னால் நடந்தாள். பிறகு சொன்னாள்: "ஆமான்னு சொல்லியிருக்கலாமேக்கா. ஒங்களுக்கு என்னா கொறஞ்சிருக்கும்?"

"பொய் சொல்ல..."

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் 'சரி, சரி' சொல்லி வெட்டினாள். "நீங்க பஸ்சுல ஏறிப் போயிருவீங்க. நான் மேல போகணும்."

ருவான்வெல்லையிலிருந்து 2.20க்கு பஸ். கொழும்புக்கு வந்துசேர ஐந்தரை ஆகிவிட்டது.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஒக்டோபர், நவம்பரில் பகலுக்குப் பிறகு மழை நிச்சயம், காலையிலேயே போய்விடுங்கள். அட்டை உண்டு, காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் ஏறாது. ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வையுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. தோட்டத்து வீடுகளைப் படம் எடுக்காதீர்கள், நான் எடுக்கவில்லை. சென்னையில் படப்பிடிப்பு பார்க்கப் போகிறவர்கள், பின்னால் நிற்பவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். நாற்பது நிமிடம் அந்தக் கடற்கரையில் நின்றேன். யாரிடமும் ஊர் கேட்கவில்லை. தினேஷை அறிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

ஒன்பது நாள் கழித்து கலா எழுதினாள். "அம்மா இப்ப டிவி போடுறதில்ல அக்கா. ஏன்னு கேட்டா கண்ணு வலிக்குதுங்குறாங்க."

நீங்கள் எப்போதாவது இப்படி ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தால், போகிற வழியில் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்பதை அதற்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு போனேன்.