நண்பகல் வரை இலவசம்

அம்மா முதன்முதலாக டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. தேவாலயத்தின் பழைய பொருள் விற்பனையில் எனக்கும் ஒரு வகுப்புத் தோழிக்குமாக நான் இரண்டு மட்டைகள் வாங்கியிருந்தேன். தோழி இரண்டே நாளில் கைவிட்டாள். தையல் தொழிற்சாலையில் நாள் முழுதும் குனிந்திருந்துவிட்டு வந்த அம்மா, “தா பாப்பம், அதில என்ன கிடக்கெண்டு” என்றார்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், எங்கள் தெரு முனைப் பூங்காவில் இரண்டு டென்னிஸ் கோர்ட்டுகள் இருந்தன. கட்டணமும் இல்லை, பதிவும் இல்லை. வந்த ஒழுங்கில் வேலியில் மட்டையைக் கொழுவிவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தால் நம் முறை வரும். வேலை முடிந்து அம்மா நேரே அங்கே வருவார். சுடிதாரும் ஓட்டச் சப்பாத்தும். முதல் கோடையில் பந்தெல்லாம் வேலிக்கு வெளியேதான் போனது. இரண்டாம் கோடையில் என்னை மூலைக்கு மூலை ஓடவிட்டார். வீட்டில் அதிகம் சிரிக்காதவர், நான் பந்தைத் தவறவிட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்.

“ஒலிம்பிக்குக்குப் பேர் குடுத்தாச்சோ?” என்று அப்பா கேட்பார்.

“ஓம். நீங்கள் வந்து தண்ணிப் போத்தல் தூக்குங்கோ.”

மூன்றாம் கோடையில் வேலியில் பிரெஞ்சில் ஓர் அறிவித்தல் தொங்கியது. வாசித்துச் சொன்னேன். ஒரு கோர்ட் இனிப் பயிற்சி வகுப்புகளுக்கு. மற்றதற்கு உறுப்பினர் அட்டையும் கட்டணமும் வேண்டும். வார நாட்களில் நண்பகல் வரை மட்டும் இலவசம். அந்த நேரத்தில் அம்மா மெஷினில் இருப்பார்.

“காசு குடுத்துப் பந்தடிக்க நான் என்ன துரைசாணியே? விடு பிள்ளை.” வீட்டுக்கு வந்ததும் மட்டையை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

நான் படித்தது மின்னணுத் தொழில்நுட்பம். எது பழுதானாலும் முதலில் பட்டியல் போடுவேன். பேருந்தில் போகக்கூடிய ஏழு பூங்காக்களை எழுதி, ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் வலை இல்லை. ஒன்றில் நிலம் வெடித்துப் புல் முளைத்திருந்தது. மூன்றில் அதே அட்டை. ஒன்று வாகனத் தரிப்பிடமாகியிருந்தது. துறைமுகப் பக்கத்தில் இருந்தது நல்ல கோர்ட்தான், ஆனால் பேருந்து மாறிப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

அம்மா பட்டியலை வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

“நான் பின்னேர வேலைக்கு மாத்திக் கேட்டனான். ஓமெண்டிட்டினம். திங்கள் தொடக்கம்.”

“ஆரோட விளையாடுவீங்கள்? எனக்குக் காலமை வகுப்பு.”

“ஒரு ஹெயிட்டிக்காரி இருக்கிறா. ஆஸ்பத்திரியில இரவு வேலை. போன லீவு நாள் பூங்காவில கண்டனான், தனிய நிண்டு சுவரில அடிச்சுக்கொண்டிருந்தா. கதைச்சிட்டன்.”

“எந்தப் பாஷையில?”

“மட்டையைக் காட்டினன். பேந்தென்ன பாஷை?”

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தினார். “அப்ப இரவுச் சாப்பாடு?”

“அதுக்கும் உங்கட மகளைப் பட்டியல் போடச் சொல்லுங்கோ.”

அந்த முதல் இரண்டு கோடைகளுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். தொடக்கத்திலேயே யாராவது அட்டை கேட்டிருந்தால் அம்மா அப்படியே திரும்பியிருப்பார். தனக்கென்று வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் ஓர் அம்மாவை நான் கண்டிருக்கவே மாட்டேன்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் என் வகுப்பு நடக்கவில்லை. பத்து மணிக்குப் பூங்காவுக்குப் போனேன். இருவரும் மூச்சு வாங்க ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஓர் ஆட்டம் தரச் சொல்லிக் கேட்டேன்.

அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். “பன்னிரண்டு மணி மட்டும்தான் எங்களுக்கு நேரம். நீ பின்னால நிண்டு பந்து பொறுக்கித் தா.”

பன்னிரண்டு மணிவரை பொறுக்கிக் கொடுத்தேன்.