அம்மப்பாவின் வாய்க்கரிசி

என் அம்மா லண்டனில் ஒரு கல்லூரியில் படிப்பித்தார். அப்படிச் சொன்னதும் எல்லோரும் ஆவலோடு என்ன பாடம் என்று கேட்பார்கள். இறந்த உடலைப் பதப்படுத்துவதும் சிதைந்த முகத்தை மெழுகால் சீராக்குவதும் என்றால், பேச்சு உடனே மழைக்கும் குளிருக்கும் மாறிவிடும். மாணவர்கள் செய்த மெழுகு மூக்குகள் எங்கள் குசினி யன்னலில் கழுவிய சட்டி பானைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். அவற்றுக்குப் புள்ளி போட எனக்கும் அனுமதி உண்டு.

லண்டனிலேயே மோர்டனில் இருந்த அம்மாவின் அப்பாவுக்கு, என் அம்மப்பாவுக்கு, இந்த வேலை பிடிக்கவில்லை. "பிணம் தொட்ட கையால எனக்குத் தேத்தண்ணியும் வேண்டாம்" என்றாராம். அது நான் பிறந்த வருடம். அதன்பிறகு அவர் அம்மாவோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அம்மா முன்னால் நின்றாலும் என்னிடம்தான் "கொம்மாட்டச் சொல்லு" என்பார்.

எனக்கு ஒன்பது வயதில் அவர் இறந்தார். அந்நியர் தொடுவதைவிட மகள் தொடுவது மேல் என்று அம்மாவின் அண்ணன், என் மாமா, அரைமனதோடு சம்மதித்தார். அம்மா தனியாகப் போய் உடலைப் பதப்படுத்தி எல்லாம் செய்தார்.

செத்தவீட்டன்று ஐயர் வாய்க்கரிசி போடச் சொன்னார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கையில் அரிசியோடு பெட்டியருகே போனார். என் அறிவைக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"அரிசி உள்ள போகாது பெரியம்மா. திறக்காம இருக்க அம்மா வாயைத் தைச்சிருப்பா. அதுதான் முதல் பாடம்."

பெரியம்மாவின் கையிலிருந்த அரிசி நிலத்தில் சிந்தியது. மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அப்பான்ர வாயைத் தைச்சுப்போட்டியோ?"

மண்டபமே அம்மாவைப் பார்த்தது. வாய்க்கரிசி இல்லாமல் அவரை அனுப்பினால் அந்தப் பழி அம்மாவை விடவே விடாது. அது எனக்கே தெரிந்தது. பயத்தில் அழுகை வந்தது.

"தைக்கேல்லை அண்ணை" என்றார் அம்மா. தாடைக்குக் கீழே சுருட்டி வைத்திருந்த துணியை எடுத்தார். அம்மப்பாவின் வாய் மெல்லத் திறந்தது. ஒவ்வொருவராக அரிசி போட்டார்கள். கடைசியில் அம்மாவும் போட்டார்.

எனக்கு நிம்மதியைவிட வெட்கமே பெரிதாக இருந்தது. வாயைத் தைக்காத மாணவனுக்கு அம்மா முட்டைதான் போடுவார். காரில் ஏறியதும் கேட்டேன்.

"மறந்திட்டீங்களா அம்மா?"

"ஓம், மறந்திட்டன்."

நானும் நம்பினேன். அம்மாவுக்கும் பிழை வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். நூல் கோத்த ஊசியோடு அந்த அறையில் அவர் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் தன்னோடு பேசாத வாயைத் தன் கையாலேயே மூடிவிட அம்மாவால் முடியவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.