தெரிந்தவர் கொண்டுவந்த ஜரிகை

இன்று மதியம் நண்பனின் பட்டுக்கடையில் நாங்கள் இருவர் மட்டும். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். இரண்டு வருடமாக அவனோடு படுப்பவன் நான்.

“அதுக்குள்ள ரெண்டு பேரும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துடலாம்பா. இனிமே காண்டம் இல்லாம வேணாம்” என்றேன்.

“நீ தெரிஞ்ச ஆளு. உனக்கு எதுக்குப்பா டெஸ்ட்டு?” என்று சிரித்தான்.

அந்நேரம் ஜரிகை வியாபாரி வந்தார். அவன் அப்பா காலத்திலிருந்து கடையின் தறிகளுக்குச் சரக்கு கொடுப்பவர். காபி வரவழைத்துக் கொடுத்தான், வீட்டில் எல்லோரையும் விசாரித்தான். பிறகு ஜரிகை அசல்தானா என்று உரைகல்லில் உரசிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டான்.

அவர் போனதும், “அவரும் தெரிஞ்ச ஆளுதானே?” என்றேன்.

“அது வியாபாரம்பா” என்றான்.

இந்த இரண்டு வருடத்தில் வேறு யாரோடு இருந்தேன் என்று அவன் என்னைக் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை.

உங்களை யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா?