இடிக்குப் போட்ட சாவி

போன வருஷம் ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் எங்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் மடியில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. கூடைக்குள் பதினொரு முட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய கோழிதான் இல்லை. அதை மத்தியானம் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது.

எங்கள் அம்மா வீட்டுப் பின்புறத்தில் சிறுவிடைக் கோழி வளர்க்கிறவர். குட்டைக் கால், சின்ன உடம்பு, ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இருக்காது. தராசில் வைத்தால் கறிக்கடைக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் அடை உட்கார்ந்துவிட்டால் எழுப்ப முடியாது. குஞ்சோடு இருக்கும்போது பருந்து இறங்கினாலும் எதிர்த்து நிற்கும்.

அப்பா, அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதிலிருந்து கோழிச் சீக்குக்கு மருந்து வரைக்கும் என்னைத்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். "அத்தினி வருசம் படிச்சியே, அதுல இது வரலியா?" என்பார் அம்மா. அதற்குப் பயந்தே செல்போனில் தேடித் தேடிப் படிப்பேன். பயத்தில் ஆரம்பித்தது, போகப் போக ஆசையாகிவிட்டது. முட்டைக்குள் நடப்பதை எல்லாம் படிக்கப் படிக்க எனக்குத் தூக்கம் வராது.

அந்தக் கோடையில் ஊருக்குள் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. எந்தத் தடுப்பு மருந்து, எப்போது போட வேண்டும் என்று நான் படித்து முடிப்பதற்குள் எங்கள் கூண்டு காலி. மிச்சம் இருந்தது, விழுப்புரத்தில் அக்கா வீட்டுக்கு முன்பே கொடுத்திருந்த ஒரு சேவலும் ஒரு பெட்டையும்தான். நான் விழுப்புரத்தில் அக்கா வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போகிறேன். அந்தப் பெட்டை அடை உட்கார்ந்து, பொரிக்க ஒன்றிரண்டு நாளே பாக்கி என்கிறபோதுதான் நாய் கவ்வியது. அந்தச் சேவலை விட்டால், அம்மாவின் கோழி வம்சம் என்று இனி அந்தப் பதினொரு முட்டைகள்தான். பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டலாம் என்று வைத்தோம். மழைக்குக் கரண்ட் போய்விட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "உங்க சித்தி ஊட்டுக் கோழி அடையில குந்திக்கினு கீது. அதுக்கு அடியில வச்சிடலாம். சூடு ஆறாம ஜல்தியா எடுத்துக்கினு வா" என்றார். கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, மேலே என் ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு புறப்பட்டேன். திண்டிவனத்தில் ஒரு டீக்கடையில் வெந்நீர் வாங்கி பாட்டிலில் நிரப்பி, துண்டில் சுற்றிக் கூடையின் ஓரத்தில் சொருகினேன். பிறகுதான் அந்த டவுன் பஸ்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் திரும்பினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காய்கறிப் பையைக் காலடியில் வைத்திருந்தார்.

"தம்பி, உன் போனு அடிக்குது பாரு."

"போன் இல்லைங்கம்மா, முட்டை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்வெட்டரைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன். ஓட்டுக்குள்ளிருந்து கீச், கீச் என்று சத்தம். பொரிக்கப் போகிற குஞ்சுகள் உள்ளேயிருந்தே ஒன்றோடொன்று பேசும், தாய்க்கோழி பதில் கொடுக்கும் என்று படித்திருந்தேன். காதால் கேட்டது அன்றுதான்.

அவ்வளவுதான், பாதி பஸ் என்னைச் சுற்றிக்கொண்டது. நடந்ததைச் சொன்னேன். கண்டக்டர் டிக்கெட் மெஷினோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாபா, பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீ. உள்ள எத்தினி சேவலு, எத்தினி பெட்டை? சேவலுக்கெல்லாம் டிக்கெட் எடுத்துடு."

"முனை கூரா இருந்தா சேவலு, உருண்டையா இருந்தா பெட்டை" என்றார் பின்னாலிருந்த ஒரு கொத்தனார்.

"போய்யா, எங்க ஊட்ல எல்லாம் கூருதான், எல்லாம் பெட்டையாத்தான் வந்துது" என்றது ஒரு பெண் குரல்.

அந்தக் காய்கறிப் பை அம்மாள் மட்டும் இதில் சேரவில்லை. சீட்டின் மேல் சாய்ந்து, கூடைக்குக் கிட்டத்தில் வாயை வைத்து, தாய்க்கோழி மாதிரியே அடித்தொண்டையில் கொக்கரித்தார். கீச்சொலி சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, முன்னைவிட மெதுவாக மறுபடியும் வந்தது. "ஆத்தாக்காரி வந்துட்டான்னு நெனச்சிக்கிச்சிங்க" என்றார்.

அப்போதுதான் முதல் இடி விழுந்தது.

எங்கள் பக்கம் அடை வைக்கிற கூடையில் ஒரு துண்டு இரும்பும் ஒரு கரித்துண்டும் போடுவார்கள். இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுப் போகாமல் இருக்க. அம்மாவும் போடுவார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லாததால் நான் போடவில்லை.

"இரும்பு போட்டியா தம்பி?" என்றார் அந்த அம்மாள்.

"இல்லைங்கம்மா."

"கரியாவது?"

"இல்லைங்க."

"படிச்ச புள்ளையா நீ?"

"ஆமாங்க."

"அதான்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

இரும்புக்கும் இடிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது இடி, பஸ் கண்ணாடியெல்லாம் அதிர்கிற மாதிரி விழுந்தது. அதன் பிறகு கூடையில் சத்தமே இல்லை. அந்த அம்மாள் மறுபடி கொக்கரித்துப் பார்த்தார். பதில் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடையை எட்டிப் பார்த்தார்கள். நான் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தேன். என் காதில் என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. அம்மாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"எங்கிட்ட ஸ்பேனரு கீது, வோணுமா?" என்று முன்னாலிருந்து டிரைவர் கத்தினார்.

"அத்தப் போட்டா முட்டை ஒடஞ்சிடும்யா, நீ ரோட்டப் பாரு" என்றார் கண்டக்டர்.

கொத்தனார் பையிலிருந்து கரணையை எடுத்தார். "சிமெண்டு ஒட்டிக்கினு கீது, பரவாயில்லியா?" அதுவும் பெரிதாக இருந்தது. அந்த அம்மாள் இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்தை உருவினார். வளையத்தில் மூன்று சாவிகள். "இரும்புதான். துரு ஏறிக் கீது பாரு" என்று சொல்லிக்கொண்டே, நான் சரி என்பதற்குக்கூடக் காத்திராமல், வைக்கோலுக்கு அடியில் சொருகிவிட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. மழை அடித்தது. பிறகு கூடையில் ஒரு கீச். ஒன்றே ஒன்று. அதற்குப் பதிலாக இன்னொன்று. யாரோ கை தட்டினார்கள். கண்டக்டர் விசில் ஊத, டிரைவர் நிறுத்தம் என்று நினைத்து பிரேக் போட, "அது இல்லபா, முட்டை கத்துது" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அடுத்த ஊரில் அந்த அம்மாள் இறங்கினார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "பத்தரமா எடுத்துக்கினு போப்பா" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினார். நான் கூடையில் காது வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவும் சித்தியும் கோழியைத் தூக்கி, அதன் முட்டைகளை எடுத்துவிட்டு, நான் கொண்டுவந்தவற்றை ஒவ்வொன்றாக அடியில் தள்ளினார்கள். அந்தக் கோழி முதலில் கொத்த வந்தது. அடியிலிருந்து கீச்சொலி வந்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு இறக்கையை விரித்து இறங்கி உட்கார்ந்தது. அந்த நிமிஷத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

கூடையை உதறியபோது சாவிக்கொத்து விழுந்தது.

"யாரு ஊட்டுச் சாவிடா இது?" என்றார் அம்மா. சொன்னேன். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, மழையில அந்தப் பொம்பள கதவாண்ட நின்னுகினு இருக்குமேடா!" திரும்பிப் போக பஸ் இல்லை. அந்த ஊர் எது என்று தெரியும். ஆனால் அந்த அம்மாளின் பெயர் தெரியாது, தெரு தெரியாது.

விடியும்போது குஞ்சுகள் ஓட்டை உடைக்க ஆரம்பித்திருந்தன. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பதினொன்றில் ஒன்பது வெளியே வந்து ஈரம் காய்ந்த பிறகு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த ஊர் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. யாரை என்னவென்று விசாரிப்பது? யோசித்துவிட்டு, "நேத்து சாயங்காலம் இங்க யார் வீட்டுப் பூட்டையாவது உடைச்சாங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எப்படிக் கேட்டுவிட்டேன் என்று புரிந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"யாருபா நீ? எந்த ஊரு? பூட்டு ஒடச்சது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சாவி என்கிட்ட இருக்குதுங்க."

அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். அவசர அவசரமாகக் கோழி, முட்டை, இடி என்று சொன்னேன். பிடித்தவரே சிரிக்க ஆரம்பித்தார். "அடப்பாவி, அந்தக் கோழிக்காரன் நீதானா? உன்னாலதான்யா நேத்து மழையில கல்ல எடுத்து நான் பூட்டு ஒடச்சேன்!" அவர் அந்த அம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவரே கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அம்மாள் வாசலில் வேர்க்கடலை, எங்கள் பக்கம் சொல்கிற மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தார். அடிக்கடி இருமினார். என்னைப் பார்த்ததும் சாவியைக் கேட்கவில்லை. "பொரிஞ்சுதா?" என்றார்.

"ஒன்பது பொரிஞ்சுதுங்கம்மா."

"ரெண்டு?"

"ஒண்ணு கூமுட்டை. ஒண்ணு ஓட்டுக்குள்ளயே செத்துப்போச்சு."

"இடிக்கு முன்னாடியா, அப்பறமா?"

எனக்குத் தெரியவில்லை. அவரே, "நான் கொஞ்சம் லேட்டாப் போட்டுட்டேனோ" என்றார்.

சாவியை நீட்டினேன். "பூட்டே போயிடுச்சி, சாவிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீயே வச்சிக்கோ, அடுத்த அடைக்கு ஆவும்." வீட்டுச் சாவியை ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். "வேற இன்னா இரும்பு இருந்துது எங்கிட்ட?" என்றார். பூட்டுக்குப் பணம் கொடுக்கப் பர்ஸை எடுத்ததும் கோபம் வந்துவிட்டது. "சாவிய வாடகைக்கா உட்டேன்?" வளர்ந்ததும் ஒரு பெட்டை கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "எங்க ஊட்ல நாலு பூனை கீது. அதுங்க திங்கவா? வேணாம் சாமி" என்று ஒரு கை மல்லாட்டையை அள்ளி என் சட்டைப் பையில் போட்டார்.

இன்று எங்கள் வீட்டுப் பின்புறம் மறுபடியும் நிறைந்துவிட்டது. தடுப்பு மருந்தைத் தவறாமல் போடுகிறேன். இரும்பு இடியைத் தடுக்குமா என்பதற்கு மட்டும் இன்னும் விடை தேடுகிறேன். ஒரு கூடையில் இரும்பு போட்டு, இன்னொன்றில் போடாமல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். "எந்தக் கூடையில போடாம உடுறது, நீயே சொல்லு" என்றார்.

அன்று பஸ் ஏற்றிவிட வந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்த அம்மாள் வாங்கிய புதுப் பூட்டின் விலையை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். அம்மா தவிட்டைப் போட்டுக் கூப்பிடும்போது நாலா திக்கிலிருந்தும் ஓடி வருகிற கோழிகளை எண்ணிப் பார்ப்பேன். பெயர்கூடத் தெரியாத ஒருவனுடைய முட்டைகளுக்காக ஓர் அம்மாள் மழையில் நனைந்து, இருமலையும் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் கைக்காசும் போட்டிருக்கிறார் என்பது அப்போதெல்லாம் நினைவுக்கு வரும்: நூற்று நாற்பது ரூபாய்.