தள்ளுற சைக்கிளுக்கு இன்ஜின் வச்ச கதை

கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ற இன்ஜினோட மாரடிக்கிற ஆளுகள சட்டைய வச்சே கண்டுபிடிச்சிரலாம். வலது கை அக்குள்ல தையல் விட்டிருக்கும். உங்களுக்கும் விட்டிருந்தா இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க, நம்மெல்லாம் ஒரே கூட்டம்.

மலை மேல, கிளாவரை போற ரோட்டுல எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். மருந்தடிக்கிற மிஷின், களை வெட்டுற மிஷின், இதுகதான் என் நோயாளிக. இருபது வருஷமா ஒழுங்காத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

சாஞ்சு கெடந்த சைக்கிள்

பொன்னுத்தாயி அக்கா பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவங்க. வீடு கீழ, பூண்டுக் காட்டு ஓரம். பள்ளிக்கூடம் மேல, உச்சியில. நடுவுல மூணு கிலோமீட்டர் ஏத்தம். அக்காவுக்கு முழங்கால் தேஞ்சு போச்சு, முதல் பஸ்ஸு வர்றதே ஒம்பது மணிக்கு மேல. லீவுக்கு முன்னாடி மூணு நாள் பிள்ளைகளுக்குச் சோறு லேட்டாயிருச்சு. பெரிய டீச்சர் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் தெறக்கிற திங்கக்கிழமையில இருந்து எட்டரைக்குள்ள அடுப்பு பத்தலேன்னா வேற ஆளு கேட்டு எழுத வேண்டியதுதான்னு சொல்லிட்டாங்க. பதினெட்டு வருஷத்துச் சோலி. கையில பத்து நாள் லீவு இருந்துச்சு.

அக்கா ஒரு சைக்கிளத் தள்ளிக்கிட்டு நேரா என் கடைக்கு வந்துட்டாங்க. மக பிளஸ் ஒன் படிக்கையில கவர்மெண்டு குடுத்த இலவச சைக்கிள். மக இப்பத் திருப்பூர்ல வேலை பாக்குது. கீழ் நாட்டுக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லிர்றேன்: எங்க மலையில இலவச சைக்கிள் எறக்கத்துல நம்மளச் சுமக்கும், ஏத்தத்துல நாம அதச் சுமக்கணும். "இதுல ஒரு இன்ஜின மாட்டி விடு தம்பி"ன்னாங்க. "அக்கா, ஒரு ஸ்கூட்டி கீட்டி…"ன்னு மெதுவா இழுத்துப் பாத்தேன்.

"அது சாஞ்சா தூக்க நாலு பேரு வேணும். இது சாஞ்சா நானே தூக்கிருவேன். எட்டு வருஷமா என் வீட்ல சாஞ்சுதான கெடக்கு!"

பூண்டுக் காட்டுல நான்

மலைக்குக் கீழ பழனியில இருக்கிற என் மச்சானும் மெக்கானிக்தான். பொண்டாட்டியோட அண்ணன், அதனால என்னைவிடப் பெரிய மெக்கானிக். பழைய களை வெட்டுற மிஷின் ஒண்ணுல இருந்து இன்ஜினக் கழட்டி, அங்கேயே ஓட்டிப் பாத்து, பஸ்ல ஏத்தி விட்டாரு. "செட்டிங் எல்லாம் பக்கா. பெட்ரோலக் கூட்டிக் கொறைக்கிற ஸ்க்ரூவ நீயாத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்"ன்னு போன்ல ஆசீர்வாதம் வேற.

கேரியர் மேல இன்ஜின உக்கார வச்சு, பின் சக்கரத்துல ஒரு சின்னப் பல் சக்கரத்த மாட்டினேன். சின்னது மாட்டினா வேகம் வரும், இழுவை வராதுன்னு தெரியும். தெரிஞ்சும் கைக்குக் கெடச்சதத்தான் மாட்டினேன். நீங்களும் மாட்டியிருப்பீங்க, பொய் சொல்லாதீங்க. சமதளத்துல புகையக் கக்கிக்கிட்டு பறந்துச்சு பாருங்க, எனக்குப் பெருமை தாங்கல. அடுத்த நிமிஷம் எறக்கம் வந்துருச்சு. பிரேக்கு கட்டை தேஞ்சு போன சங்கதி அப்பத்தான் ஞாபகம் வருது. ரோட்டுல இருந்து நேரா ஒருத்தரோட பூண்டுப் பாத்திக்குள்ள போய் விழுந்தேன். காட்டுக்காரர் மம்பட்டியோட வந்து நின்னு, என்னையும் பாத்தியையும் மாறி மாறிப் பாத்தாரு.

"ஏலே, அறுப்புக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. அதுக்குள்ள என்ன வெரசா பிடுங்க வந்துட்ட?"

செக்போஸ்ட்

பெரிய பல் சக்கரமும் புது பிரேக்கு கட்டையும் மாட்டி, செக்போஸ்ட்டு ஏத்தத்துல விட்டுப் பாத்தேன். கால்வாசி ஏறுச்சு, கருப்பாப் புகை தள்ளுச்சு, கொர் கொர்னு இருமிட்டு நின்னு போச்சு. மிச்சத்தத் தள்ளிக்கிட்டுப் போனேன். அங்க காவலுக்கு இருக்கிற கார்டு நோட்டும் கையுமா வெளிய வந்து வண்டி நம்பர் கேட்டாரு. "சைக்கிளுங்க சார்." "சைக்கிள்ல எதுக்குய்யா சைலன்சரு?" "இன்ஜின் இருக்குங்க சார், ஆனா ஓட மாட்டேங்குது."

"ஓடாத வண்டிக்கு நம்பர் எதுக்கு? போ, போ. ஓடுச்சுன்னா வந்து சொல்லு, அப்பப் புடிச்சுக்கிறேன்."

மச்சான் வைத்தியம்

லீவுல எட்டு நாள் ஓடிப் போச்சு. மச்சானுக்குப் போன் போட்டேன். "பெட்ரோல் பத்தல மாப்ள. ஸ்க்ரூவ அரைச் சுத்து தொற"ன்னாரு. தொறந்தேன். முன்ன கால்வாசி ஏறுனது இப்ப அதுவும் ஏறல. "இன்னும் அரைச் சுத்து"ன்னாரு. அதையும் தொறந்தேன். பக்கத்து வீட்டுக் கொடியில காஞ்ச வெள்ள வேட்டி சாம்பக் கலராயிருச்சு. பிளக்கக் கழட்டுனா கரியும் ஆயிலுமா நனைஞ்சு கெடக்கு. தொடைச்சு மாட்டி இழுத்து, தொடைச்சு மாட்டி இழுத்து, என் சட்டையில மிச்சமிருந்த தையலும் போச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்தாங்க. என்னால அவங்க மொகத்தப் பாக்க முடியல. நம்பி வந்தவங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டேன். "முடியலக்கா"ன்னு சொல்லிட்டேன். அக்கா கோவிக்கல. முழங்காலப் புடிச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்து, மச்சான் என்ன சொன்னாரு, நான் என்ன பண்ணேன்னு ஒண்ணு ஒண்ணாக் கேட்டாங்க. கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க.

"எனக்கு மேலுக்கு முடியாதப்ப பழனியில இருந்து ஒருத்தி சமைக்க வந்தா. அரிசி வேகல வேகலன்னு விறகு மேல விறகா வச்சா. தண்ணிதான் வத்துச்சு, அரிசி அப்படியே கெடந்துச்சு. இங்க காத்து வேற, பக்குவம் வேற தம்பி. கீழ இருக்கிறவன் பேச்சக் கேட்டு நீயும் விறக வச்சுக்கிட்டே இருக்கியா?"

திங்கக்கிழமை

அட பாவி மனுசான்னு என்னையே திட்டிக்கிட்டேன். இது எனக்குத் தெரியாத சங்கதியா? கீழ இருந்து வர்ற எந்த மருந்து மிஷினுக்கும் ஸ்க்ரூவக் கொஞ்சம் மூடித்தான குடுக்கிறேன். மேல காத்து கம்மி, அந்தக் காத்துக்குத் தக்கன பெட்ரோலயும் கொறைக்கணும். மச்சான் குரலக் கேட்டதும் இருபது வருஷத்துப் புத்தி எங்கிட்டோ போயிருச்சு. தொறந்த ஒரு சுத்தையும் மூடி, அதுக்கு மேல கால் சுத்து மூடினேன். இருமல் நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை பூரா அக்காவ ஓட்டிப் பழக வச்சேன்.

திங்கக்கிழமை வெள்ளனே பள்ளிக்கூடத்து கேட்டுல போய் நின்னேன். ஒரே மூடுபனி. ஆளு தெரியல, சத்தம் மட்டும் ஏறி வருது. நம்ம இன்ஜின் சத்தம் நமக்குத் தெரியாதா? அழுத்தமா, சீரா வருது. கடைசி வளைவுல டப்புனு நின்னு போச்சு. மணி எட்டேகால். மச்சான் பரம்பரையையே திட்டிக்கிட்டு கீழ ஓடுனேன். அக்கா ஒரு கால ஊனி சைக்கிள் மேலயே உக்காந்திருக்காங்க. கையில போனு, கண்ணுல தண்ணி. "நின்னு போச்சாக்கா?"ன்னேன்.

"நான்தான் நிப்பாட்டுனேன். எம்மக ரெண்டு வருஷம் இதத் தள்ளிக்கிட்டு வர்றப்ப, இந்த வளைவுல நின்னுதான் மூச்சு வாங்குவா. அவளுக்குப் போன் போட்டு, உன் சைக்கிள்ல உக்காந்தே இங்க வரைக்கும் வந்துட்டேன்டின்னு சொன்னேன். அழுகுறா தம்பி."

ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு, எட்டு இருபத்தஞ்சுக்கு அடுப்பு பத்திருச்சு, சாயங்காலம் மச்சான் போன் பண்ணி "பாத்தியா, எல்லாம் நான் சொன்ன செட்டிங்கு"ன்னாரு. எந்த ஊரு காத்துக்கும் இன்ஜினத் திருப்பிரலாம் போல, மச்சானத் திருப்புற ஸ்க்ரூ எங்க இருக்குன்னுதான் எனக்கு இன்னும் பிடிபடல.